தட்டுவரை வந்துவிட்டுத் திரும்பிய பூனை

யாங்கூனில் எங்கள் வீட்டுக் கடுவனுக்கு ஒன்பது வயது. மூன்று பர்மா வீசை (ஒரு வீசை சுமார் 1.6 கிலோ) இருந்தவன், கடைத் தராசில் கூடையோடு வைத்துக் கூடையைக் கழித்துப் பார்த்தால் இரண்டே கால் வீசை, அதாவது 4.9 கிலோ 3.7 ஆகிவிட்டது.

முதலில் குடற்புழு என்று மாத்திரை கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தீனியை மாற்றினோம். வயசான பூனை இளைத்தால் சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கணும் என்று டாக்டர் ரத்தம் எடுத்தார், எல்லாம் சரியாகவே இருந்தது. பதினோரு நாள் இப்படியே போச்சு.

கடைசியில் மாட்டியது ஒரு சின்ன விஷயம். சோறு தட்டைக் கண்டதும் ஓடி வருவான், அதனால் பசி இருக்கிறது என்று விட்டுவிட்டோம். ஆனால் கருவாட்டுத் துண்டைத் தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகக் கடித்து, சட்டென்று கீழே போட்டுவிட்டு விலகுவான். அந்தத் துண்டில் இளஞ்சிவப்பாக ஒரு கறை, குழம்பு என்று நானே இரண்டு முறை துடைத்திருக்கிறேன்!

மறுபடி தூக்கிப்போய் இதைச் சொன்னேன். டாக்டர் உதட்டை விலக்கி, கீழ்த்தாடைப் பல்லில் ஈறு சிவந்து ஏறியிருந்த இடத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டதும் தாடை வெடவெடவென்று ஆடியது. பல் வேரிலிருந்து கரைந்துபோகும் நோயாம், பூனைகளுக்குச் சகஜம், அடைக்க முடியாது, பிடுங்கத்தான் வேண்டும். எக்ஸ்ரேயில் இன்னொன்றும் தெரிந்தது. மயக்கம் கொடுத்து இரண்டையும் எடுத்தார்கள்.

இரண்டு வாரம் மீனைப் பிசைந்து கொடுத்தோம். இப்போது இரண்டே முக்கால் வீசை, கருவாட்டை இரண்டு பக்கமும் கடிக்கிறான்.