பீரோவுக்குப் பின்னால் படர்ந்த பூஞ்சை

ஐப்பசி மழை தொடங்கிப் பத்து நாள் கழித்து, சென்னையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் படுக்கையறையில் இரும்பு பீரோவை நகர்த்தியபோது, பின்சுவரில் கடுகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இடுப்புயரத்துக்குப் படர்ந்திருந்தன. உடனே உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தது என் தவறு. வித்துகள் அறையெங்கும் பறக்க, இரண்டு நாள் தும்மிக்கொண்டிருந்தேன்.

ஈரம் இருக்கும்வரை பூஞ்சை திரும்பத் திரும்ப வரும் என்பதால், சுவருக்கு மறுபக்கம் இருந்த குளியலறைக் குழாயின் கசிவைப் பிளம்பரைக் கொண்டு முதலில் சரிசெய்தேன். பிறகு மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அணிந்து, சோப்புத் தண்ணீர் தெளித்துச் சுவரை நனைத்த பின்னரே தேய்த்தேன். பெயிண்டுக்கு அடியில் பூசி உப்பியிருந்த பட்டியை (சுவர் மாவை) ஈரத்தோடு சுரண்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன்.

பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் கறை சீக்கிரம் போகும் என்றார் பக்கத்து வீட்டு மாமா. அப்படிக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. தவிரவும், பிளீச் கறையின் நிறத்தை வெளுக்குமே தவிர, சுவர்ப்பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிய இழைகளை எட்டுவது அரிது.

சுவர் முழுதும் உலர மூன்று வாரம் ஆயிற்று. அதன் பிறகே பெயிண்ட் அடித்தோம். பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அதன் கீழ்த்தட்டில் இருந்த இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளைத்தான் எறிய வேண்டியதாயிற்று. நான்கு நாள் வெயிலில் காய்ந்தும் அந்த மக்கிய வாடை போகவில்லை.