பழைய டெபியன் சர்வர் கைக்கு வந்தால்: பேக்கேஜ் சிக்கலை அவிழ்க்கும் வழி

வேறொருவர் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்ட டெபியன் 9 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் சர்வர் உங்கள் பொறுப்புக்கு வருகிறது. எதை நிறுவப் போனாலும் 'அன்மெட் டிபெண்டென்சீஸ்' (தேவையான துணை பேக்கேஜ்கள் இல்லை) என்று, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் மறுக்கிறது. செய்தியில் பெயர் வரும் டெப் கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி நிறுவத் தொடங்காதீர்கள். முடிச்சு இன்னும் இறுகும். இருக்கும் பேக்கேஜ்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பாருங்கள்.

அதற்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் (சர்வரின் இப்போதைய நிலையின் முழு நகல்). அதற்கு வசதியில்லாத மெஷினில் /எட்சி, /வார்/லிப்/டிபிகேஜி இரண்டையும் டார் செய்து (ஒரே கோப்பாகக் கட்டி) வெளியே நகலெடுங்கள்; டேட்டாபேஸ் டம்ப் தனியாக. /பூட் நிரம்பியிருக்கிறதா என்று டிஎஃப் கட்டளையில் பார்த்துவிடுங்கள். பழைய கெர்னல்கள் குவிந்து இடமில்லாமல் போனாலும் இதே மாதிரி பிழைகள் வரும்.

பிறகு, ஆப்டுக்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி-யின் ஆடிட் கட்டளை. பாதியில் நின்ற பேக்கேஜ்களை அது காட்டும். பெரும்பாலும் நிறுவலின் முடிவில் ஓடும் போஸ்ட்-இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் தோற்றிருக்கும். புது வெர்ஷன் ஏற்காத பழைய கான்ஃபிக் வரி ஒன்று சர்வீஸைத் தொடங்க விடாமல் செய்தாலே போதும். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் லாக் பார்த்து அந்த வரியைத் திருத்தி, டிபிகேஜி கான்ஃபிகர் கட்டளையை எல்லா பேக்கேஜுக்கும் ஓட்டுங்கள்.

இனி சோர்சஸ் பட்டியல், அதாவது ஆப்ட் எங்கிருந்து பேக்கேஜ் எடுக்கிறது என்ற முகவரிகள். 'ஸ்ட்ரெச்' என்று பெயரிட்ட டெபியன் 9-இன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) 2022 ஜூனில் முடிந்தது. அதன் பேக்கேஜ்கள் இப்போது ஆர்கைவ் சர்வரில். முகவரியை அங்கே மாற்றி, ஸ்ட்ரெச்-அப்டேட்ஸ் வரியை எடுத்துவிடுங்கள். 'ரிலீஸ் கோப்பு காலாவதி' என்று ஆப்ட் நின்றால், செக்-வேலிட்-அன்டில் என்ற ஆப்ஷனை நோ என்று வையுங்கள். உண்மையான வில்லன் இன்னொரு வரி: 'ஸ்ட்ரெச்' என்று எழுதாமல் அந்தந்த நேரத்து நிலையான வெளியீட்டைக் குறிக்கும் 'ஸ்டேபிள்' என்று எழுதியது. 2019 ஜூலையில் அந்தப் பெயர் டெபியன் 10-க்குப் போய்விட்டது. அதன்பின் யாரோ ஒரு பேக்கேஜை நிறுவியபோது அடிப்படை லைப்ரரியான லிப்சி6-இன் புது வெர்ஷனும் கூடவே இறங்கியிருக்கும்.

சந்தேகமுள்ள ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஆப்ட்-கேச் பாலிசி ஓட்டுங்கள். நிறுவிய வெர்ஷனுக்கு எதிரே டிபிகேஜி ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் 100 என்ற எண்ணுடன் நின்றால், இப்போதைய ரெபாசிட்டரி (பேக்கேஜ் களஞ்சியம்) எதிலும் அந்த வெர்ஷன் கிடையாது. ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் (வெர்ஷன் மாறாமல் ஹோல்ட் செய்த பேக்கேஜ்களின் பட்டியல்) என்ன சொல்கிறது என்றும், பிரிஃபரன்சஸ் டைரக்டரியில் 'பின்' (எந்த வெர்ஷனுக்கு முன்னுரிமை என்ற விதி) ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹோல்ட் இருந்தால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். பழைய பிஎச்பி-யை நம்பியிருக்கும் ஓர் அப்ளிகேஷனுக்காக வைத்ததாக இருக்கலாம்.

வெர்ஷனைப் பின்னுக்கு இறக்க, பின் எண் 1000-க்கு மேல் இருக்க வேண்டும், 1001 போதும். ஆனால் எந்த மாற்றத்தையும் சிமுலேட் ஆப்ஷனோடு முதலில் ஒத்திகையாக ஓட்டி, நீக்கப்போகும் பேக்கேஜ்களின் பட்டியலைப் படியுங்கள். அதில் உங்கள் டேட்டாபேஸான மரியாடிபி சர்வர் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இனி தேவையில்லை என்று கருதும் பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளைக்கும் இதே எச்சரிக்கை.

லிப்சி6 ஏற்கெனவே 2.28-க்குப் போயிருந்தால் அதை மட்டும் 2.24-க்கு இறக்க முயலாதீர்கள். எஸ்எஸ்எச் உட்பட எல்லாம் அதை நம்பியே ஓடுகின்றன. முழு சிஸ்டத்தையும் டெபியன் 10-க்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு. அங்கிருந்து 11, பிறகு 12. நடுவில் ஒன்றைத் தாண்டுவதை டெபியன் ஆதரிப்பதில்லை.

எல்லாம் சரி என்று ஆப்ட் சொல்லியும் புரோகிராம் ஓடாவிட்டால், அது எந்த லைப்ரரிகளை ஏற்றுகிறது என்று எல்டிடி கட்டளையில் பாருங்கள். யாரோ மூலநிரலிலிருந்து மேக் இன்ஸ்டால் செய்துவிட்டுப்போன லைப்ரரி /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் கிடந்தால், சிஸ்டத்தின் லைப்ரரிக்கு முன்பு அதுதான் ஏறும். அதை வேறிடத்துக்கு நகர்த்தி, சிஸ்டத்தின் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்க எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள்.