ஆடியிலேயே வந்துவிடுகின்றன உள்ளான்கள்: கொங்கு நாட்டுக் குளங்களில் வலசைப் பறவை பார்க்க ஒரு தொடக்கம்

வலசைப் பறவை என்றதும் நம்மில் பலருக்கு மார்கழி, தை மாதங்கள்தான் நினைவுக்கு வரும். பொங்கல் விடுமுறையில் குளத்துப் பக்கம் போய் வாத்துக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. ஆனால் வடக்கே கோடை முடிவதற்குள், இங்கே நாம் ஆடிப்பெருக்கு கொண்டாடும் நாட்களிலேயே, முதல் பறவைகள் நம் குளத்துச் சேற்றில் இறங்கிவிடுகின்றன. இவை வாத்துகள் அல்ல. கரையோரம் நடந்து புழு பூச்சி பொறுக்கும் சின்ன உள்ளான்கள். சைபீரியச் சதுப்பு நிலங்களிலும் வட ஐரோப்பாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக வருகின்றன.

பெருங்கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கோ மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கமோ போகத்தான் வேண்டும். கற்றுக்கொள்ள நம்மூர்க் குளமே மேல் என்பேன். கடற்கரையில் பல இனங்கள் கலந்து நிற்கும்போது புதியவருக்குத் தலை சுற்றிவிடும். இங்கே ஒரு மூலையில் நாலைந்து பறவைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் படி: தண்ணீரைப் பார்க்காதீர்கள், சேற்றைப் பாருங்கள்

கரை தளும்ப நிற்கும் குளம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் உள்ளானுக்கு அங்கே கால் ஊன்ற இடமில்லை. அதற்கு வேண்டியது ஈரச் சேறும், கணுக்கால் நனையும் அளவு தண்ணீரும்.

நம் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளியங்கிரி மலையில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் நொய்யல் பெருகி, சித்திரைச்சாவடி வாய்க்கால் வழியே நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி போன்ற கோவையின் மேற்குக் குளங்களுக்கு ஆடியிலேயே தண்ணீர் வந்துவிடும். அந்த ஆண்டுகளில் அங்கே சேறு மூழ்கிவிடும். அப்போது கிழக்கே சிங்காநல்லூர், சூலூர், ஆச்சான்குளம் என்று பார்த்துக்கொண்டே போங்கள். மழை ஏமாற்றிய ஆண்டில் மேற்குக் குளங்களே போதும். திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளமும், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடும் இருக்கின்றன. வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் 2024-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

எந்தக் குளத்துக்குப் போனாலும், பரிசலில் மீன் பிடிப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "ஏனுங்ணா, தண்ணி எந்தப் பக்கம் வத்தியிருக்குதுங்க?" என்றால் போதும். குளத்தின் மேடு பள்ளம் அவருக்கு மனப்பாடம்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று கரையைச் செங்குத்தாக்கிச் சுற்றிலும் கல் பதிக்கும்போது, சரிந்து இறங்கும் அந்தச் சேற்று ஓரம்தான் முதலில் போகிறது. நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டால் இந்தப் பறவைகள் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: காற்றையும் வெயிலையும் கணக்கில் எடுங்கள்

ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் மேல்காற்றில் பறவைகள் பெரும்பாலும் மேற்கே முகம் வைத்துத்தான் நிற்கும். கிழக்குக் கரையில் நின்றால் உங்களுக்குத் தெரிவது வால் மட்டும். அதோடு, காற்று தள்ளிய ஆகாயத்தாமரையும் நுரையும் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும். காலையில் வடக்கு அல்லது வடகிழக்குக் கரையில் நின்று தெற்கே பாருங்கள். இந்த மாதங்களில் சூரியன் வடகிழக்குப் பக்கமாக எழுவதால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். பறவையின் அலகு, இறக்கை, கால் எல்லாம் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும். காற்று வலுப்பதற்கு முன், ஒன்பது மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது.

கையில் 8x42 பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது முதல் எண். முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பது இரண்டாவது. பத்து மடங்கு வாங்கினால் ஆடிக் காற்றில் கை ஆடுவதும் பத்து மடங்காகும். ஒரு நோட்டு, பென்சில், தண்ணீர், தொப்பி. அவ்வளவுதான்.

மூன்றாம் படி: முதலில் உள்ளூர்ப் பறவைகள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆண்டு முழுக்க இருப்பவற்றைத் தெரிந்துகொண்டால்தான் புதிதாக வந்தது கண்ணில் படும். செக்கச்செவேலென்ற நீண்ட கால்களில் நிற்பது நெடுங்கால் உள்ளான். நம்மைக் கண்டதும் ஊரைக் கூட்டுவது ஆள்காட்டி. சேற்றின் காய்ந்த விளிம்பில் ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடுவது பட்டாணி உப்புக்கொத்தி. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். இந்த மூன்றும் பழகட்டும்.

நான்காம் படி: மூன்றே மூன்று விருந்தாளிகள்

முதலாவது, அடைமொழி இல்லாமல் வெறும் 'உள்ளான்' என்றே பெயர் பெற்ற இனம். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. தனியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். நின்றாலும் ஆட்டம் நிற்காது. மார்பின் பழுப்புக்கும் மடித்த இறக்கைக்கும் நடுவே, தோளருகே, வயிற்று வெள்ளை ஒரு சின்ன ஆப்பாக மேலேறி நிற்பதைப் பாருங்கள். அதைக் கண்டுவிட்டால் வேறு ஐயமே வேண்டாம். கல் பதித்த கரையிலும் இரை தேடும் என்பதால் நகரக் குளங்களில் எளிதாகக் கிடைக்கும். பறக்கும்போது இறக்கையை விறைப்பாக வைத்து, தண்ணீரை ஒட்டியே தாழப் போகும்.

இரண்டாவது, பொரி உள்ளான். முதுகில் பொரி தூவினாற்போல் வெண்புள்ளிகள், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால்கள். மிரண்டால் "சிப்-இப்-இப்" என்று கத்தியபடி உயர எழும்பும். அப்போது வாலடியில் வெள்ளை பளிச்சிடும். முதுகு இன்னும் கருத்து, இறக்கையின் அடிப்பக்கமும் கருப்பாகத் தெரிந்தால் அது இன்னொரு இனம். இப்போதைக்கு நோட்டில் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாவது, பச்சைக்காலி. மைனாவைவிடப் பெரியது, வெளிர் சாம்பல் நிறம். அலகு நுனியில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆழமில்லாத நீரில் மீன் குஞ்சைத் துரத்தி ஓடும். தெளிவாக மூன்று முறை "டியூ-டியூ-டியூ" என்று கூப்பிட்டால், பார்க்காமலே பெயரை எழுதிக்கொள்ளலாம்.

சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான்களும் வரும். வடதுருவத்தை ஒட்டிய பனிச்சமவெளியிலிருந்து அத்தனை சின்ன உடம்பு இவ்வளவு தூரம் வருவதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அடையாளம் காண்பது கொஞ்சம் கடினம். அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வயதைப் பாருங்கள்

ஆடியில் வருபவை பெரும்பாலும் வளர்ந்த பறவைகள். பொரி உள்ளானில், குஞ்சுகள் பொரித்துச் சில நாட்களிலேயே தாய் கிளம்பிவிடும். தந்தை மட்டும் குஞ்சுகளோடு இருந்துவிட்டுப் பிறகு புறப்படும். இளம் பறவைகள் கடைசியில், வழிகாட்டப் பெற்றோர் இல்லாமலே வந்து சேரும். ஆவணி பாதிக்கு மேல் பைனாகுலரில் முதுகு இறகுகளை உற்றுப் பாருங்கள். வளர்ந்த பறவையில் இறகு ஓரங்கள் தேய்ந்து பிய்ந்திருக்கும். இளசுகளில் ஒவ்வொரு இறகும் ஒழுங்காக, வெளிர் விளிம்போடு புத்தம் புதிதாக இருக்கும்.

அவ்வளவு தூரம் பறந்து கொழுப்பெல்லாம் கரைந்து வந்தவை இவை. சில இன்னும் தெற்கே போக வேண்டியவை. படத்துக்காகக் கிட்டே போய் எழுப்பிவிடாதீர்கள். இரை பொறுக்குவதை நிறுத்தித் தலை தூக்கிப் பார்த்தால், நீங்கள் இரண்டடி பின்னால் போக வேண்டும் என்று பொருள்.

ஆறாம் படி: எண்ணுங்கள், பதியுங்கள்

தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், இனம், எண்ணிக்கை. இவற்றை இ-பேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள்; இலவசம்தான். அரிதானதை மட்டும் போடாமல் காகம், கொக்கு உட்படப் பார்த்த எல்லாவற்றையும் போட்டால்தான் அந்தப் பட்டியல் ஆய்வுக்குப் பயன்படும். உறுதியாகத் தெரியாததை உள்ளான் வகை என்று பொதுவாகப் பதியவும் அதில் இடமுண்டு. ஊகித்துப் பெயர் போடுவதைவிட அது எவ்வளவோ நல்லது.

அப்புறம், அதே குளத்துக்கு வாராவாரம் போங்கள். புதுப்புதுக் குளமாகச் சுற்றுவதைவிட, ஒரே இடத்தில் சென்ற வாரம் இல்லாதது இந்த வாரம் வந்திருப்பதைக் காண்பதில்தான் வலசை பிடிபடும். புரட்டாசியில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரும். வாத்துகளில் நீலச்சிறகி முந்தி வரும். ஐப்பசி மழையில் குளம் நிறைந்து சேறு மறைந்த பிறகு, கோபி பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நாற்று நட்ட வயல்களில் பொரி உள்ளானைத் தேடுங்கள். வரப்பில் இறங்குமுன் வயல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.