இருவழி அட்டவணை: எந்த எண்ணால் வகுப்பது?

நிகழ்வெண் அட்டவணை (எது எத்தனை தடவை வருகிறது என்ற கணக்கு) தெரிந்த பிள்ளைகள், இரண்டு விஷயங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரே கட்டத்தில் எண்ணிக் காட்டும் இருவழி அட்டவணையைச் சுலபமாகப் போட்டுவிடுவார்கள். அதைப் படித்துப் பொருள் சொல்ல வைப்பதுதான் என்னுடைய இரண்டு பீரியடைத் தின்றது.

முதலில் தரவு. 'டீ பிடிக்குமா, காபி பிடிக்குமா' வேண்டாம், யாருக்கும் விடை தெரிந்துகொள்ளும் ஆசையே வராது. நான் எடுப்பது 1912இல் மூழ்கிய டைட்டானிக். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு மாதிரித் தரவாகவே வரும் எண்கள் இவை:

முதல் வகுப்பு: பிழைத்தவர் 203, இறந்தவர் 122
இரண்டாம் வகுப்பு: 118, 167
மூன்றாம் வகுப்பு: 178, 528
கப்பல் ஊழியர்: 212, 673

படி 1: மொத்தங்களை எழுதிக் கொடுக்காதீர்கள், அவர்களே கூட்டட்டும். நிரை (கிடைவரிசை) மொத்தங்கள் 325, 285, 706, 885. நிரல் (செங்குத்து வரிசை) மொத்தங்கள் 711, 1490. எப்படிக் கூட்டினாலும் மூலையில் 2201 வரவேண்டும். இதற்குக் கட்டம் போட்ட நோட்டுதான் சரி. கூகுள் ஷீட்ஸ் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கையால் கூட்டாதவனுக்கு அந்த 885 எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

படி 2: "யார் அதிகம் தப்பித்தார்கள்?" என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பையன், "ஊழியர்கள்தான் சார், 212 பேர்" என்றான். நானும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அவங்கதானே சார் கப்பல்ல அதிகம் பேர் இருந்தாங்க?" என்றபோதுதான் உறைத்தது.

படி 3: சார்பு நிகழ்வெண், அதாவது ஒரு எண்ணிக்கை அதன் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பது. வகுத்தல் எல்லோருக்கும் வரும், எதால் வகுப்பது என்பதில்தான் தடுமாற்றம். இதற்குத் தமிழிலேயே ஒரு பிடி இருக்கிறது. 'களில்' எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ, அந்தக் கூட்டத்தின் மொத்தம்தான் கீழே வரும்.

"முதல் வகுப்புப் பயணிகளில் எத்தனை சதவீதம் பிழைத்தார்கள்?" 203 / 325, சுமார் 62%.
"பிழைத்தவர்களில் எத்தனை சதவீதம் முதல் வகுப்பு?" 203 / 711, சுமார் 29%.

மேலே அதே 203தான். ஊழியர்களுக்கும் இப்படியே போடச் சொல்லுங்கள்: 212 / 885, 24%. தலையாட்டிய கதை அங்கே முடிந்தது. வகுப்பதற்கு முன் 'களில்' வரும் சொல்லைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடச் சொல்கிறேன். வட்டம் இல்லாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் அரை மதிப்பெண்தான்.

படி 4: ஷீட்ஸில் பிவட் டேபிள் (தரவைத் தானே எண்ணித் தொகுக்கும் அட்டவணை) போட்டால் நிரைச் சதவீதம், நிரல் சதவீதம், மொத்தச் சதவீதம் என மூன்று வழி கேட்கும். மூன்றாவதைத் தேர்ந்தால் அந்த 203 வெறும் 9% ஆகிவிடும். அது கப்பலில் இருந்த எல்லோரிலும் முதல் வகுப்பில் வந்து பிழைத்தவர்களின் பங்கு. தப்பில்லை, ஆனால் நாம் கேட்டது அதுவல்ல.

பின்சேர்க்கை: பிழைத்தவர் நிரலின் சதவீதங்களை முழு எண்ணாக்கினால் கூட்டல் 101 வருகிறதே என்று ஒரு ஆசிரியர் கேட்டிருந்தார். 29, 17, 25, 30, ஆமாம், வரும். ஒரு தசமம் சேர்த்தால் 28.6, 16.6, 25.0, 29.8, சரியாக 100.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி: "அப்படியானால் டிக்கெட்தான் உயிரைக் காப்பாற்றியதா?" இந்த அட்டவணையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. படகுகளில் பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றினார்கள். முதல் வகுப்பின் 325 பேரில் பெண்கள் 145, ஊழியர்கள் 885 பேரில் 23தான். ஆண், பெண் என்று பிரித்து மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் வகுப்புப் பெண்களில் 141 பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் 196 பெண்களில் 90 பேர். இதைப் போர்டில் எழுதிவிட்டு நான் ஒன்றும் பேசுவதில்லை, வகுப்பே சண்டையை ஆரம்பித்துவிடும்.