மெரினா மணலில் பிள்ளை ஏன் புரண்டு அழுகிறது?

காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, மதியம் ஒரு மால், சாயங்காலம் மெரினா. சென்னையில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் பல வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் இதுதான். ஐந்து மணிக்குக் கடற்கரை மணலில் பிள்ளை புரண்டு அழும். "இவ்வளவு செலவு பண்ணியும் அடம் பிடிக்கிறான் பாரு" என்று அப்பா பல்லைக் கடிப்பார். அது அடம் இல்லை, அலுப்பு. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.

வண்டலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். நடந்தே முழுதும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், திரும்பும்போது பிள்ளை உங்கள் தோளில்தான் இருக்கும். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் போய் இறங்குவது இன்னொரு தவறு. வெயில் ஏறிவிட்டால் புலியும் சிங்கமும் நிழல் தேடிப் படுத்துவிடும். தெரிவது வால் மட்டும். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

ஒரு தடவை அக்கா மகளைக் கூட்டிப்போயிருந்தேன். குழாயடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு மைனா முங்கி முங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளைப் புலி அந்தப் பக்கம்டி, வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரவே இல்லை. ராத்திரி பாட்டியிடம் அவள் சொன்னது முழுக்க மைனா கதைதான். புலி வரவே இல்லை. டிக்கெட் எடுத்தது எதற்கு என்ற கணக்கு நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை.

விடுமுறை நாளைப் பார்க்காமல் கிளம்புவதும் உண்டு. இதில் நானே மாட்டியிருக்கிறேன்: கிண்டியில் பாம்புப் பண்ணை வாசலில், ஒரு செவ்வாய்க்கிழமை, பூட்டிய கதவுக்கு முன்னால். வண்டலூருக்கும் செவ்வாய்தான் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணைக்குத் திங்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் சில சமயம் இது மாறும் என்பதால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பலகையையும் வாசித்துக் காட்டி வகுப்பெடுக்க வேண்டாம். நேராகத் திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் போய் நிறுத்துங்கள், கேள்வி தானாக வரும். கோட்டூர்புரம் கோளரங்கத்தில் எந்த மொழிக் காட்சி என்று பார்த்து உள்ளே போங்கள். இருட்டுக்குப் பயப்படும் சின்னப் பிள்ளை என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம் கடல். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை. "முழங்கால் அளவுதானே" என்று விடும் இடத்திலேயே, அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். விரலைப் பிடித்தால் நழுவும், மணிக்கட்டைப் பிடியுங்கள். காணும் பொங்கல் கூட்டத்தில் போலீசார் பிள்ளைகளின் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். மற்ற நாள்களில் அதை நாமே செய்யலாம், ஒரு பால்பாயிண்ட் பேனா போதும்.

மாற்று டவுசர் ஒன்று பையில் இருக்கட்டும். "நனையாம விளையாடு" என்று சொல்லி எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை.