திருவிழாவுக்கு வரும் வித்துவானை நேரில் சந்திக்க

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம். ஒரு நாதஸ்வர வித்துவானோடு கால் மணித்தியாலம் கதைக்க எனக்கு இரண்டு திருவிழாக்கள் தேவைப்பட்டன. முதல் வருசம் பிழையான நேரத்தில் போய்த் திரும்பி வந்தேன். அடுத்த வருசம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இடையில் கோயிலில் நின்று பார்த்தும் பலரிடம் கேட்டும் அறிந்ததை, அப்படி ஒருவரைச் சந்திக்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், அவருடைய போன் நம்பரைத் தேடி அலையாதீர்கள். எங்கள் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம், அல்லது ஒரு சங்கத்தின் உபயம். மேளம் பேசுவதும், வானுக்கு ஒழுங்கு செய்வதும், வருகிறவர்களைச் சாப்பாட்டுக்கு இருத்துவதும் அந்த உபயகாரர்தான். கொடியேற்றத்துக்கு முன்பே நோட்டீஸ் வந்துவிடும். எந்த மேளச் செட் எந்த நாளில் வாசிக்கிறது, அது யாருடைய உபயம் என்று அதில் பாருங்கள். பெரிய செட்டுகள் பெரும்பாலும் சப்பறம், தேர், பூங்காவனம் ஆகிய நாட்களில்தான் வரும். பிறகு உபயகாரர் வீட்டுக்கு நேரே போய், "அண்ணை, மேளம் முடிஞ்ச பிறகு ஐயாவோட அஞ்சு நிமிசம் கதைக்கலாமோ?" என்று கேளுங்கள். போனில் கேட்டால் திருவிழா அலுவலில் மறந்துபோவார். நேரே போனால் முகம் ஞாபகம் இருக்கும்.

சின்னக் கோயிலாகத் தெரிவு செய்தால் நல்லது. வைகாசியில் நடக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரளும். அந்தச் சனத்துக்குள் யாரையும் நிறுத்திக் கதைக்க முடியாது. பிள்ளையார் கோயில் வேட்டைத் திருவிழாவுக்கு இருநூறு பேர் வந்தாலே அதிகம். வித்துவானும் ஆறுதலாக இருப்பார்.

நேரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். நான் முதல் வருசம் செய்த பிழையைச் சொல்கிறேன். வசந்த மண்டபப் பூசை தொடங்குவதற்குச் சற்று முன்னர், அவர் மண்டபத் தூணோடு இருந்ததைக் கண்டு போய்க் கும்பிட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். பேசவில்லை. மனம் நொந்து வந்துவிட்டேன். அவர் வாயில் சீவாளி இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. நாதஸ்வரத்தின் நாதமே அந்தச் சீவாளியில்தான் இருக்கிறது. நாணலில் செய்த சின்னத் துண்டு. காய்ந்திருந்தால் பேசாது. வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்து, ஊதிப் பார்த்து, சரிவராவிட்டால் வேறொன்றை எடுப்பார்கள். குழலின் கழுத்தில் நாலைந்து சீவாளிகளும் ஊசியும் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அவர் மனம் முழுவதும் சுருதியில் இருக்கும்.

சுவாமி எழுந்தருளும்போது மல்லாரி தொடங்கிவிடும். கம்பீரநாட்டையில் அந்த முதல் பிடி கேட்டதும் எனக்கு இப்போதும் மயிர் கூச்செறியும். அதிலிருந்து வெளிவீதி சுற்றி முடியும்வரை கிட்டப் போகவே கூடாது. மேற்கு வீதியிலும் வடக்கு வீதியிலும் சுவாமி நிற்க, சனம் வட்டமாக நிலத்தில் இருந்து கேட்கும். நீங்களும் அங்கே முன்வரிசையில் இருங்கள். முழுதாக இருந்து கேளுங்கள், இடையில் எழும்பிப் போகாதீர்கள். வாசிக்கிறவர்களுக்கு முன்வரிசை முகங்கள் நன்றாகத் தெரியும். மனம் நொந்தாலும் முதல் வருசம் நான் அப்படி இருந்து கேட்டேன். என்னை அவர் அடுத்த வருசம் அடையாளம் கண்டது அதனால்தான்.

சுவாமி இருப்பிடத்துக்குப் போய், மேளகாரர் கை கழுவிச் சாப்பிட்டு, வெற்றிலை போடும் நேரம் ஒன்று வரும். அதுதான் உங்கள் நேரம். அது நீளாது. ஆனி, ஆடி, ஆவணி முழுக்கத் திருவிழாக் காலம். விடிய அவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் வேறு கோயில் இருக்கும். வான் பரந்தன் சந்திக்குப் போய் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதையில் ஏற வேண்டும். சாரதி ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டால் உங்கள் கதையை முடித்துக்கொள்ளுங்கள்.

என்ன கொண்டு போவது? பொன்னாடையும் காசும் உபயகாரரின் மரியாதை. அதை நீங்கள் திரும்பச் செய்யத் தேவையில்லை. மூச்சால் வாசிக்கிறவருக்குக் குளிர்ந்த சோடா வேண்டாம். நான் பிளாஸ்கில் மல்லித் தண்ணீர் கொண்டு போனேன், சுக்கும் கொஞ்சம் போட்டு. வாங்கி இரண்டு கோப்பை குடித்தார். திருவிழா நேரத்தில் எங்கள் காட்டில் பாலைப்பழம் இருந்தால் ஒரு சுண்டு கொண்டு போங்கள். பெரிய கடைகளில் கிடைக்காத பழம், யாழ்ப்பாணத்தார் விரும்பிச் சாப்பிடுவார்கள். ஆனால் வாசித்து முடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பாலைப்பழத்துப் பால் உதட்டில் பசைபோல ஒட்டும். சீவாளி வைக்கிற உதடு அது.

தவில்காரரோடு கை குலுக்காதீர்கள். இது நிறையப் பேருக்குத் தெரியாது. வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடுகளோடு இரண்டு மூன்று மணித்தியாலம் தோலில் அடித்த விரல்கள் அவை. கூடு கழற்றிய கையைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். கும்பிட்டாலே போதும். தவிலைத் தொடாதீர்கள், தாண்டிப் போகாதீர்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். பெண்கள், வித்துவான் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருக்கிறாரா என்று செட்டில் உள்ள ஒருவரிடம் முதலில் கேட்பது நல்லது. எங்களுக்கு அவருடைய மருமகன், இரண்டாவது நாதஸ்வரம் வாசிப்பவர், வந்து "வாங்கோ அக்கா" என்று கூட்டிப் போனார்.

இனி, என்ன கதைப்பது. "நீங்கள் பெரிய வித்துவான், உங்கள் வாசிப்பு எனக்கு நல்ல விருப்பம்" என்று சொன்னால் அவர் "சந்தோசம்" என்பார். அதோடு கதை முடிந்துவிடும். அவர் வாசித்ததில் நீங்கள் கேட்ட ஒன்றை, எந்த ஊர், எந்த வருசம், எந்த இராகம் என்று குறித்துச் சொல்லுங்கள். இராகம் தெரியாவிட்டால் முனகிக் காட்டுங்கள், அவர் கண்டுபிடிப்பார். வீட்டில் இருக்கும்போதே அதை யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் போய் நின்றதும் எல்லாம் மறந்துபோகும்.

நான் வித்துவானிடம் சொன்னது 2003ஆம் ஆண்டுத் திருவிழாவை. போரால் மூடிக்கிடந்த ஏ-9 பாதை 2002இல் திறந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் கோயிலுக்கு முதன்முதலாக வந்த வருசம் அது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் நேரில் கேட்டு வளர்ந்தவர் அப்பா. பற்றறியில் ஓடும் ரேப் றெக்கோடரோடு வடக்கு வீதியில் இருந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. சண்முகப்பிரியா போய்க்கொண்டிருக்கும்போது ஜெனரேற்றர் நின்றுவிட்டது. லைற்றும் இல்லை, மைக்கும் இல்லை. அவர் நிறுத்தவில்லை. அந்தக் கசற்றில் ஜெனரேற்றர் இரைச்சல் ஓய்வதும், பிறகு தவளைச் சத்தத்துக்கு மேலே நாதஸ்வரம் தனியாக எழும்புவதும் தெளிவாகக் கேட்கும். இடம்பெயர்ந்த வீடுகளில் எல்லாம் அதைப் போட்டுக் கேட்டோம். 2009இல், இறுதிப் போரில், மாத்தளன்வரை அந்தக் கசற் இருந்த பை எங்களோடு வந்தது. அதற்குப் பிறகு இல்லை.

இதைச் சொன்னபோது அப்பா பக்கத்தில் பேசாமல் நின்றார். வித்துவான் அவரைக் கையில் பிடித்துத் தனக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். "அண்டைக்கு லைற் போனது எனக்கு நல்ல ஞாபகம், பிள்ளை" என்றார். "மைக் நிண்ட பிறகுதான் என்ர நாயனம் எனக்கே கேட்டது." பிறகு அப்பாவிடம், கசற்றில் தவில் எப்படி விழுந்திருந்தது என்று கேட்டார். அன்றைக்குத் தவில் வாசித்தவர் இப்போது இல்லை என்றும் சொன்னார். அதன் பிறகு நான் கதைக்கத் தேவைப்படவில்லை. அவர்கள் இருவரும் கதைத்தார்கள்.

அதனால் வீட்டில் ஒரு முதியவர் இருந்தால் அவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். இரவு முழிக்க வேண்டியிருப்பதால் மத்தியானம் படுக்கவையுங்கள். போர்வையும் மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

படம் எடுப்பதைக் கடைசிக்கு வையுங்கள். கேட்டு எடுங்கள், ஒன்று போதும். சாப்பிடும்போது, சால்வை இல்லாமல் இருக்கும்போது எடுக்கக் கூடாது. கையெழுத்து வேண்டுமென்றால் அன்றைய திருவிழா நோட்டீசிலேயே வாங்குங்கள். அதில் ஊரும் திகதியும் அவர் பெயரும் இருக்கும். அப்பாவின் நோட்டீஸ் இப்போது கண்ணாடி போட்டுச் சுவரில் இருக்கிறது.

ஒலிப்பதிவு செய்யலாமா என்பதையும் உபயகாரர் மூலம் முதல் நாளே கேளுங்கள். எனக்குச் சம்மதம் சொன்னார்கள். போனைப் பெரிய ஒலிபெருக்கிக்குக் கிட்ட வைக்காதீர்கள், சத்தம் உடைந்துபோகும். சனத்துக்கு நடுவில், மடியில், துணியின் மேல் வைத்தால் நன்றாக வரும். முழுவதையும் பதிந்து, ஒரு கிழமைக்குள் அவர்களுக்கே ஒரு பிரதி அனுப்புங்கள். வாசிக்கிறவர்களுக்குத் தங்கள் வாசிப்பை அப்படிக் கேட்க வாய்ப்புக் குறைவு. நான் மருமகனுக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் அவர் அழைத்தார். ஐயா வடக்கு வீதித் துண்டை மட்டும் மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டவராம். அடுத்த திருவிழாவுக்கு மைக் இல்லாமல் ஒரு உருப்படி வாசிக்கலாமா என்று உபயகாரரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாராம். நான் கேட்டேன். உபயகாரர் சம்மதித்துவிட்டார்.