தூரத்துச் சனத்துக்காகக் குரல் குடுக்கேக்க நாங்க விடுற பிழையள்

2024 டிசம்பரில முள்ளிவாய்க்கால் கரையில, மியன்மாரில இருந்து தப்பி வந்த ரோகிங்யா சனத்தோட ஒரு படகு வந்து நிண்டது ஞாபகம் இருக்குத்தானே, நூறு பேருக்கு மேல, குஞ்சு குருமனும் இருந்ததுகள், எங்கட சனம் தண்ணியும் சாப்பாடும் கொண்டு ஓடினது. அதில ஒரு பிழையும் இல்ல. பிழை தொடங்கினது பிறகு, எங்கட கோவில் பங்கு வட்ஸ்அப் குரூப்புகளில.

முதல் போட்டோ. பிள்ளையளின்ர முகம் வடிவாத் தெரியிற மாதிரி எடுத்து ஷெயார் பண்ணினம். அவையின்ர சொந்தக்காரர் இன்னும் மியன்மாரில இருப்பினம், அவைக்கு என்ன நடக்கும் எண்டு ஆர் யோசிச்சது? 2009ல நாங்க பங்கருக்குள்ள கிடந்த கோலத்தை ஆரும் எங்களிட்டக் கேட்டே வெளியில விட்டவை? அந்தப் படங்களைப் பிறகு ஏதோ நாட்டுப் பதாகையில பாத்து வயிறெரிஞ்ச ஆக்கள்தான் இப்ப அதையே செய்யிறம். ஆளிட்டக் கேளுங்கோ, இல்லாட்டி முகத்தை மறையுங்கோ. காசா யுத்தம் எண்டு வாற படத்தையும் கூகிள் லென்ஸில ஒருக்காப் போட்டுப் பாருங்கோ, பழைய சிரியாப் படம் ஒண்டு பிடிபட்டா மிச்ச உண்மையையும் ஒருத்தரும் நம்பாயினம்.

அடுத்தது "எங்கட ஆக்கள்" கணக்கு. 2025 ஜூலை 17 காசா திருக்குடும்பக் கத்தோலிக்கக் கோவிலில செல் விழுந்து மூண்டு பேர் செத்தோடன மெழுகுதிரி கொளுத்தினம், நல்லது, ஆனா அந்தக் கோவில் மதிலுக்கு வெளியில செத்துக்கொண்டிருந்த சனத்துக்கு எங்கட மன்றாட்டில ஒரு வரி இருந்ததோ? நல்ல சமாரியன் கதையில அடிபட்டுக் கிடந்தவன் எந்த ஆள் எண்டு இயேசு சொல்லவே இல்ல. இன்னும் சில சபையளில அந்த யுத்தத்தைக் கடைசிக் கால அடையாளம் எண்டு சந்தோசமாப் பிரசங்கிக்கினம், முள்ளிவாய்க்காலைப் பற்றி ஆரும் அப்பிடிச் சொல்லியிருந்தா விட்டிருப்பமோ?

சாமான் சேக்கிறதைப் பற்றி சுருக்கமாச் சொல்லுறன். 2009ல இடம்பெயந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில எங்கட கூடாரத்துக்கு வந்த மூட்டைக்குள்ள தடிச்ச கம்பளிக் கோட் ஒண்டு இருந்தது, செட்டிகுளம் வெயிலுக்கு! அம்மா அதைத் தலகாணியாக்கினவ. கத்தோலிக்க உதவி நிறுவனம் கரிட்டாஸ் மாதிரி அங்க ஏற்கனவே நிக்கிற ஆக்களிட்டக் காசாக் குடுங்கோ, தனியாள் வங்கி இலக்கத்தோட வாற மெசேஜ்ஜுகளை விட்டுடுங்கோ.

பெரிய பிழை எண்டு நான் நினைக்கிறது எங்கட கடிதங்கள்தான். "உலக சமாதானத்துக்காக வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம்" எண்டு ஆருக்கெண்டே இல்லாம ஒரு பக்கம். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில, போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் வைச்ச நல்லிணக்க ஆணைக்குழு முன்னால என்ன செய்தவர்? கச்சேரிக் (மாவட்டச் செயலகம்) கணக்குப்படி 2008 ஒக்டோபரில வன்னியில 4,29,059 பேர், பிறகு அரசாங்கப் பக்கம் வந்தவை ஐநா கணக்குப்படி 2,82,380, அப்ப மிச்சம் 1,46,679 பேர் எங்க? அழுகை இல்ல, திட்டு இல்ல, அவையின்ர கணக்கையே எடுத்துக் கழிச்சுக் காட்டினவர். அதாலதான் அந்த இலக்கம் இண்டைக்கும் நிக்குது.

அப்பிடி எழுதுங்கோ. ரோகிங்யாச் சனத்தைத் திருப்பி அனுப்பாதேங்கோ எண்டு கேக்கேக்க அகதிகள் சமவாயத்தை இழுத்தா வேலைக்காகாது, இலங்கை அதில கையெழுத்து வைக்கேல்ல. ஆனா சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில 1994ல சேந்தது, அதின்ர 3ஆம் உறுப்புரை சித்திரவதை நடக்கக்கூடிய இடத்துக்கு ஆளை அனுப்பக்கூடாது எண்டு சொல்லுது. அதைப் போடுங்கோ, எந்த அமைச்சுக்கு எண்டு போடுங்கோ, ஒரேயொரு கோரிக்கை போடுங்கோ.

அனுப்பிப்போட்டு மறக்கிறது கடைசிப் பிழை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமலாக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 போராட்டத்தில குந்தின அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கோ, ஒரு நாள் வந்து செல்ஃபி எடுத்திட்டுப் போனது ஆர், திரும்பி வந்தது ஆர் எண்டு அவைக்கு நல்லாத் தெரியும். கடிதத்துக்குப் பதில் வந்ததோ எண்டு மாசம் ஒருக்காக் கேக்கிறதுக்குப் பங்கில ஒராளைப் போட்டு வையுங்கோ, இளைஞர் ஒன்றியத்தில ஆரும் இருப்பினம்.